அப்பாவுக்கு இரண்டாம் முறையும் நிமோனியா: அன்று உருவான ஆன்டிபாடி எங்கே போயிற்று?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. முப்பது வருடம் புகைபிடித்தவர், ஐந்து வருடத்துக்கு முன்பு விட்டுவிட்டார். போன வருடம் நிமோனியா வந்து எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். ரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) நிமோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பதினான்கு மாதம் கழித்து மறுபடியும் நிமோனியா. இந்த முறை கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, மைக்கோபிளாஸ்மா என்ற வேறொரு கிருமிக்கான ஐஜிஎம் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தது. மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து நாங்களாகவே ஒரு லேபில் பார்த்தபோதும் அதே ஐஜிஎம் பாசிட்டிவ். இரண்டு தடவையும் எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே வெள்ளையாக இருந்தது. ஒருமுறை வந்தால் ஆன்டிபாடி உருவாகிவிடும், திரும்ப வராது என்றுதானே சொல்கிறார்கள்? அப்பாவுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையா? கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா? வந்து போன நோய்க்கு இப்போது தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். அது எதற்கு?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாமே ஆன்டிபாடியைப் பற்றியவை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. இரண்டு எக்ஸ்ரேயிலும் வலது பக்கம் கீழே, அதாவது ஒரே இடத்தில், வெள்ளையாக இருந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன், தயவுசெய்து அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். முதலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நிமோனியா என்பது ஒரு கிருமியின் பெயர் அல்ல. நுரையீரலின் காற்றறைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் நிறைந்துகொள்வதற்குப் பெயர் நிமோனியா. அதை நிமோகாக்கஸ் உண்டாக்கலாம், மைக்கோபிளாஸ்மா உண்டாக்கலாம், லெஜியோனெல்லா உண்டாக்கலாம், வைரஸ்களும் உண்டாக்கலாம். ஆன்டிபாடியோ குறிப்பிட்ட ஒரு கிருமியின் குறிப்பிட்ட ஒரு பாகத்தில் மட்டும் பொருந்துகிற புரதம். போன வருடம் நிமோகாக்கஸுக்கு எதிராக அப்பாவின் உடம்பு செய்துவைத்த ஆன்டிபாடி, மைக்கோபிளாஸ்மாவைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அது அதன் வேலையும் இல்லை.

சரி, இரண்டாவது முறையும் நிமோகாக்கஸே வந்திருந்தால்? அப்போதும் பழைய ஆன்டிபாடி காப்பாற்றியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காரணம், அந்தக் கிருமி போர்த்திக்கொண்டிருக்கும் உறை.

மாணவனாக இருந்தபோது நிமோகாக்கஸை முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, முனை சற்றுக் கூராக, சுற்றிலும் ஒரு வெளிறிய வளையத்தோடு இருந்தது. அந்த வளையம்தான் உறை, சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அதே கண்ணாடித் துண்டில் அதற்குப் பொருத்தமான ஆன்டிபாடி உள்ள சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு சொட்டு விட்டால், மங்கலாக இருந்த உறை சட்டென்று பருத்தது போலப் பளிச்சென்று தெரியும். வேறு வகைக்கான சீரம் விட்டால் ஒன்றுமே நடக்காது. 1902-ல் நியூஃபெல்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டது இது. ஆன்டிபாடி போய் ஒட்டுவதைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இந்த உறையில் இதுவரை 100-க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு வகை உறைக்கு உருவான ஆன்டிபாடி பெரும்பாலும் அந்த வகைக்கு மட்டுமே. மிக நெருங்கிய சில வகைகளுக்கு ஓரளவு உதவலாம், அவ்வளவுதான்.

பென்சிலின் வருவதற்கு முன்பு மருத்துவர்களுக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல, உயிர்ப் பிரச்சினை. 1891-லேயே கிளெம்பெரர் சகோதரர்கள் நிமோகாக்கஸுக்கு எதிராக முயல்களின் ரத்தத்தில் உருவான பாதுகாப்பை வேறு முயல்களுக்கு சீரம் வழியாக மாற்ற முடியும் என்று காட்டிவிட்டார்கள். பிறகு குதிரைகளின் சீரத்தை நோயாளிகளுக்கே ஏற்றினார்கள். ஆனால் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் சளியைச் சோதித்து, உறை எந்த வகை என்று கண்டுபிடித்தாக வேண்டும். முதல் வகைக்கான சீரத்தை இரண்டாம் வகைக்காரருக்குக் கொடுத்துப் பயனில்லை. நீங்கள் கேட்ட 'ஒருமுறை வந்தால் போதாதா' என்ற கேள்விக்கான பதில் அந்தச் சீரக் குப்பிகளிலேயே இருந்தது.

அந்தக் காலத்து மருத்துவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். நோயாளி ஐந்தாறு நாள் கடுங்காய்ச்சலில் கிடப்பார். மூச்சு வாங்கும், பிதற்றுவார். வீட்டார் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஏழாம் நாள் வாக்கில் சிலருக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டி, சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். கண் திறந்து தண்ணீர் கேட்பார்கள். அதே நாட்களில்தான் அந்த உறைக்கான ஆன்டிபாடி ரத்தத்தில் தென்பட ஆரம்பிக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. உடம்புக்கு அதைத் தயாரிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரத்தைத் தாண்ட முடியாதவர்கள் இறந்துபோனார்கள். இன்று ஆன்டிபயாட்டிக் நமக்கு வாங்கித் தருவது அந்த ஒரு வாரத்தைத்தான்.

ஆன்டிபாடி ஒட்டியதும் கிருமி செத்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நிமோகாக்கஸ் விஷயத்தில் அப்படி இல்லை. அதன் உறை வழுக்கும், வெள்ளையணு பிடிக்கப் போனால் பிடி கிடைக்காது. ஆன்டிபாடி உறைமேல் படிந்து, ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களையும் அங்கே இழுத்து வந்து ஒட்டவைக்கிறது. அப்போதுதான் வெள்ளையணுவுக்குப் பிடி கிடைக்கிறது. பிடித்து விழுங்கி உள்ளே வைத்துக் கொல்கிறது. ரத்தத்தில் தப்பித் திரியும் கிருமிகளை வடிகட்டிப் பிடிக்கும் பெரிய வேலை மண்ணீரலுடையது. விபத்திலோ நோயிலோ மண்ணீரலை எடுத்துவிட்டவர்களுக்கு நிமோகாக்கஸ் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடும் என்பதற்குக் காரணம் இதுதான். (உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால் அவருக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி கட்டாயம் வேண்டும். காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் கூடாது.)

வயது இங்கேதான் குறுக்கே வருகிறது. முதியவர்களின் ரத்தத்தில் ஆன்டிபாடியை அளந்து பார்த்தால் அளவு குறைவில்லாமல்கூட இருக்கலாம். ஆனால் அது கிருமியை இறுகப் பற்றி வெள்ளையணுவிடம் ஒப்படைக்கும் திறன் பல நேரம் இளையவர்களைவிடக் குறைவாக இருக்கிறது. அதனால் 'ஆன்டிபாடி இருக்கிறது' என்று ஒரு லேப் எண் சொல்வதும் 'பாதுகாப்பு இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல.

இப்போது அந்த ஐஜிஎம் அறிக்கை. இதற்காக நீங்கள் மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். ஐஜிஎம் என்பது உடம்பு முதலில் வெளியிடும் ஆன்டிபாடி. அதற்குப் பின்னால் ஐஜிஜி வரும், அது நின்று வேலை செய்யும். பொதுவாக ஐஜிஎம் சீக்கிரம் குறைந்துவிடும். மைக்கோபிளாஸ்மாவில் அப்படி இல்லை, நோய் முழுதாகக் குணமான பிறகும் பல மாதம் பாசிட்டிவ் என்றே காட்டும். அந்தப் பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல, கிருமி வந்து போனதற்கு உடம்பு காட்டிய எதிர்வினையை. வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் நிற்கும் தண்ணீர்க் கோடு மாதிரி. அப்பாவுக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் எதுவும் இல்லையென்றால் அந்த பாசிட்டிவுக்காக மருந்து எதுவும் வேண்டாம். இனி அந்தப் பரிசோதனையை நீங்களாகப் போய் எடுக்கவும் வேண்டாம்.

உண்மையில் இரண்டாவது நிமோனியா மைக்கோபிளாஸ்மாவால்தான் வந்தது என்றுகூட அந்த ஒரு அறிக்கையை மட்டும் வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஒரு ஐஜிஎம் பாசிட்டிவ் தவறாகவும் வரலாம், பழைய தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். ஆன்டிபாடியை நம்பி நோயைச் சொல்ல வேண்டுமென்றால் முறை இதுதான்: நோய் ஆரம்பித்தபோது ஒரு ரத்த மாதிரி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இன்னொன்று, இரண்டையும் சேர்த்துச் சோதித்து, அளவு குறைந்தது நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. அந்தப் பதில் வருவதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார் என்பதால் நடைமுறையில் யாரும் அதற்குக் காத்திருப்பதில்லை. தொண்டையில் எடுக்கும் பிசிஆர் பரிசோதனை கிருமியின் மரபணுவையே தேடுகிறது, இப்போது அதைத்தான் அதிகம் நம்புகிறோம். அப்பாவுக்குக் கொடுத்த சிகிச்சையில் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கல்ச்சரில் எதுவும் வளராத நிமோனியாவில் நிமோகாக்கஸ் போன்றவை, மைக்கோபிளாஸ்மா போன்றவை என்று இரண்டு விதக் கிருமிகளுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பது சரியான வழிதான்.

'எதிர்ப்பு சக்தியே இல்லையா' என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சொல்லே நம்மைக் குழப்புகிறது. தொட்டியில் தண்ணீர் மட்டம் போல, இருக்கிறது, குறைந்துவிட்டது, ஊற்றி நிரப்பலாம் என்று நினைக்க வைக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கிற எந்தப் பொடியும் மாத்திரையும் நிமோகாக்கஸின் உறைக்கு ஒரு ஆன்டிபாடியைக்கூட உருவாக்காது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஆனால் ஆன்டிபாடியை உண்மையிலேயே தயாரிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். 1952-ல் புரூட்டன் என்ற மருத்துவர், நிமோகாக்கஸால் திரும்பத் திரும்ப ரத்தத் தொற்று வந்துகொண்டிருந்த எட்டு வயதுப் பையனின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஆன்டிபாடிகள் இருக்கவேண்டிய காமா குளோபுலின் பகுதியே அதில் காணவில்லை. வெளியிலிருந்து அதை ஊசியாகக் கொடுத்ததும் தொற்றுகள் அடங்கின. அது பிறவிக் குறைபாடு. 68 வயதில் நாங்கள் தேடுவது வேறு: ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் வரும் சில புற்றுநோய்கள், சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய், எச்ஐவி, நீண்ட நாள் ஸ்டீராய்டு, ஆன்டிபாடி தயாரிக்கும் அணுக்களைக் குறைக்கும் மருந்துகள். இவற்றைப் பார்க்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ரத்த அணு எண்ணிக்கை, சர்க்கரை, ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் ஆகியவற்றின் மொத்த அளவு, ரத்தப் புரதப் பகுப்பு என்று சில பரிசோதனைகள் போதும். இதில் மொத்த ஐஜிஎம் என்பது நீங்கள் எடுத்த மைக்கோபிளாஸ்மா ஐஜிஎம் அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு சைனஸ் தொற்று, காதில் சீழ், தோலில் கட்டி என்று வேறு தொற்றுகளும் அடிக்கடி வருகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நுரையீரலைத் தவிர வேறு எங்கும் தொல்லை இல்லையென்றால் என் சந்தேகம் ஆன்டிபாடியைவிட்டு விலகி, நுரையீரல் பக்கம் திரும்பும்.

அதனால்தான் அந்த வலது பக்கக் கீழ்ப்பகுதி. உடம்பு முழுக்கப் பாதுகாப்பு குறைந்திருந்தால் நிமோனியா இந்த முறை இங்கே, அடுத்த முறை வேறெங்காவது என்று இடம் மாறி வருவதுதான் வழக்கம். ஒரே இடத்தில் திரும்ப வருகிறது என்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சுக்குழாய் அங்கே குறுகியிருக்கலாம். முதல் நிமோனியாவுக்குப் பிறகு குழாய் விரிந்து, சளி தேங்கும் பையாகியிருக்கலாம். தேங்கிய சளியில் கிருமி வளர்ந்துகொண்டே இருக்கும், எவ்வளவு நல்ல ஆன்டிபாடி இருந்தாலும் அடைப்பை அதனால் எடுத்துவிட முடியாது. ஏதாவது உள்ளே போய்ச் சிக்கியிருக்கலாம். என்னிடம் வந்த ஒருவருக்கு ஒரே இடத்தில் மூன்று முறை நிமோனியா. கடைசியில் பிராங்கோஸ்கோப்பில் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் குழாய்) எடுத்தது அவருடைய செயற்கைப் பல்லின் உடைந்த துண்டு. அது எப்போது உள்ளே போனது என்று அவருக்கே தெரியவில்லை. எடுத்தபின் நிமோனியா திரும்பவில்லை.

முப்பது வருடம் புகைபிடித்தவர் என்பதால் புற்றுக்கட்டி இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இப்படி ஸ்கேன் எடுக்கும் பலருக்குக் கவலைப்படும்படி எதுவும் இருப்பதில்லை. ஆனால் இருந்தால் சீக்கிரம் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பது என் தினசரி வேலையில் தெரிவதால்தான் வற்புறுத்துகிறேன்.

இன்னொரு சாத்தியமும் உண்டு, அதை நீங்கள் வீட்டிலேயே கவனிக்கலாம். வலது மூச்சுக்குழாய் இடதைவிட அகலமானது, நேராகக் கீழிறங்குவது. விழுங்கும்போது தடம் மாறிப் போவது பெரும்பாலும் வலது கீழ்ப்பகுதிக்குத்தான் போகும். அப்பா தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா? சாப்பிட்டு முடித்ததும் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? இரவில் புளிப்பு எதுக்களித்து இருமி எழுகிறாரா? தூக்க மாத்திரை போடுகிறாரா? இரண்டு வேளை பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பாருங்கள். நீங்கள் பார்ப்பது, பத்து நிமிடம் அவரைப் பார்க்கிற எங்களுக்குத் தெரியாத விஷயம்.

இரண்டு நிமோனியாவுக்கும் நடுவில் எக்ஸ்ரே எடுத்தார்களா? எடுத்திருந்தால் அதில் அந்த வெள்ளை முழுதாக மறைந்திருந்ததா? மருத்துவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். இந்த வயதில் நிழல் மறைய ஆறு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். நடுவில் மறையவே இல்லையென்றால் வந்தது இரண்டாவது நிமோனியாவாக இல்லாமல், முதலாவதன் தொடர்ச்சியாகவே இருக்கலாம். பழைய படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு ஒரு நுரையீரல் சிறப்பு மருத்துவரிடம் போங்கள். நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேன் வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பார்த்துவிட்டு பிராங்கோஸ்கோபி தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

கடைசியாகத் தடுப்பூசி. போடச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நோய் வந்து போனது அப்பாவுக்கு ஒரு உறை வகைக்கு மட்டும், அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாத பாதுகாப்பைக் கொடுத்திருக்கும். தடுப்பூசி ஒரே ஊசியில் பல வகைகளைக் காட்டுகிறது. 1983-ல் வந்த பழைய ஊசியில் 23 வகைகளின் உறைச் சர்க்கரை மட்டும் இருக்கும். வெறும் சர்க்கரைக்கு உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கும், ஆனால் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளாது. சில வருடங்களில் அளவு இறங்கிவிடும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அது சரியாக வேலையே செய்யாது. அதனால் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுக்கும் கான்ஜுகேட் ஊசிகள் வந்தன. புரதம் சேர்ந்தவுடன் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் உதவிக்கு வருகின்றன, நினைவும் தங்குகிறது. 2000-ல் 7 வகைகளோடு ஆரம்பித்து 13, 15, 20, 21 என்று அது வளர்ந்திருக்கிறது.

எவ்வளவு காக்கும்? நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 84,500 பேரிடம் 13 வகை ஊசியைச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா சுமார் 46 சதவீதம் குறைந்தது. அதே வகைகள் ரத்தம் போன்ற இடங்களுக்குப் பரவும் கடும் நோய் 75 சதவீதம் குறைந்தது. ஆனால் எல்லாக் காரணங்களாலும் வரும் நிமோனியாவைச் சேர்த்து எண்ணியபோது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே ஊசி போட்ட பிறகு நிமோனியாவே வராது என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். போன வருடம் கல்ச்சரில் வளர்ந்ததே, ரத்தத்தில் கலந்த அந்த மாதிரி நிமோனியா மறுபடி வரும் வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கும் என்று சொல்வேன். அப்பாவின் வயதில் அதற்காகவே போட்டுக்கொள்ளலாம்.

20 அல்லது 21 வகை ஊசி கிடைத்தால் ஒன்று போதும். 13 அல்லது 15 வகை ஊசி போட்டால் வழக்கமாக ஒரு வருடம் கழித்து 23 வகை ஊசியும் போடுவார்கள். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் அந்தச் சீட்டைக் காட்டுங்கள், இடைவெளி அதைப் பொறுத்தது. இப்போது காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்கிறார் என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. கை இரண்டு நாள் வலிக்கும், லேசாக உடம்பு சுடலாம். வருடா வருடம் ஃப்ளூ ஊசியும் போடுங்கள். ஃப்ளூ மூச்சுக்குழாயின் உள்சுவரை உரித்துப்போட்ட பிறகு அந்த வழியாக நிமோகாக்கஸ் நுழைவது அடிக்கடி நடப்பது. புகையை விட்டது அப்பா செய்த பெரிய காரியம், அதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நடக்கும் வரை ஒரு எச்சரிக்கை. மறுபடியும் குளிர்காய்ச்சல், நெஞ்சில் குத்து, மூச்சு வாங்குதல் இருந்தாலும் சரி, காய்ச்சலே இல்லாமல் திடீரென்று பேச்சில் குழப்பம் வந்தாலும் சரி, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதியவர்களுக்கு நிமோனியா சில நேரம் குழப்பமாகத்தான் முதலில் தெரியும். இருமலில் ரத்தம் கண்டாலோ, எடை குறைந்தாலோ ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் அறிக்கை கையில் வந்ததும் அதன் கடைசிப் பத்தியை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.